உருளும் மனையும் நிற்கும் நிலமும்

மனை என்றவுடன் நிலத்தில் ஊன்றி நிற்கும் சுவரும் கூரையுமே நினைவில் எழுவன. கிணறும் வேலியும் ஒழுங்கையும் சூழ நிலைபெற்றிருக்கும் வீடே இல்லறத்திற்குரிய இடமெனக் கருதுதல் நெடுங்கால வழக்கு. ஆயினும், மனையையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு வாழ்ந்த மக்களும் பண்டுதொட்டு இருந்துள்ளனர். சங்க இலக்கியங் கூறும் உமணர் அத்தகையோர். நெய்தனிலத்து உப்பினை உள்நாட்டிற்குக் கொண்டுசென்று விற்ற அவ்வணிகர், குடும்பத்தோடு வண்டித் தொடராகச் சென்றனர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உமணர் வண்டியிலே கோழி உறங்குங் கூடு உண்டு. காடி வைத்த கலம் முன்புறத்தே கட்டப்பட்டுள்ளது. குழந்தையையுடைய பெண்ணொருத்தி எருதுகளைச் செலுத்துகின்றாள். வழியில் அச்சு முறியினும் பயணந் தடைப்படாதிருத்தற்பொருட்டு, மற்றோர் அச்சினை வண்டியின் அடியிற் பிணித்துச் செல்லும் வழக்கமும் அவர்பால் இருந்தமை புறநானூற்றிலுள்ள ஔவையார் பாட்டொன்றாற் புலனாகும்.

வீடும் வண்டியும் ஒன்றாகிய இத்தகைய வாழ்க்கை இக்காலத்து மேனாடுகளிற் பெருவழக்காய் உள்ளது. மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லப்படும் வீடு ‘கரவன்’ எனவும், எஞ்சினையுந் தன்னகத்தே கொண்டு தானே ஓடும் வீடு ‘மோட்டார் வீடு’ எனவும் வழங்கும். அமெரிக்கர் இவ்விரண்டினையும் ‘ஆர்.வி.’ என்னுங் குறியாற் சுட்டுவர். இவ்வூர்தி வீட்டில் வாழ்வோர் எவ்வெவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும், தொலைவில் நின்று நோக்குவோர்க்குத் தோன்றுமாறு அவ்வாழ்க்கை உண்மையிற் கட்டற்றதுதானா என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

இன்பப் பயணத்திற்கென வீட்டு வண்டி செய்வித்தோருள் முன்னோடியாகக் குறிக்கப்படுபவர் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பவர். பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராயிருந்து விலகிச் சிறுவர்க்கான கதைகள் எழுதிவந்த இவர், ரோமானி மக்கள் வாழ்ந்த குதிரை வண்டி வீடுகளிற் கருத்தூன்றி, 1885ஆம் ஆண்டிற் பிறிஸ்ரல் நகரத் தொழிற்சாலையொன்றில் ‘வாண்டரர்’ என்னும் வண்டியைச் செய்வித்தார். ஏறத்தாழ 2 தொன் நிறையுடைய அவ்வண்டியை இரு குதிரைகள் இழுத்தன. இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொற்லாந்தின் இன்வர்னெஸ் நகர்வரை அதிற் சென்ற அவர், அச்செலவினை 1886இல் நூலாக வெளியிட்டார். வண்டியோட்டி ஒருவரும் ஏவலாளர் ஒருவரும் அவருடன் சென்றனர். ஏவலாளர் முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, எதிரே வருவோர்க்குப் பெருவண்டி வருதலை அறிவித்தார். ஆகவே, தனிமையும் எளிமையும் நாடிப் புறப்பட்ட அம்முதற் பயணமே பிறர் உழைப்பைச் சார்ந்துதான் நிகழ்ந்தது. 1907ஆம் ஆண்டில் அந்நாட்டிற் கரவன் கழகம் நிறுவப்பட்டது.

அமெரிக்காவில் இவ்வழக்கு மோட்டார் வண்டியோடு வளர்ந்தது. 1910ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நிகழ்ந்த பொருட்காட்சியிற் பியேர்ஸ் அறோ நிறுவனத்தார் காட்டிய வண்டியில், படுக்கையாக விரியும் பின்னிருக்கையும், சாரதியின் இருக்கைக்குப் பின்னே மடிந்திருக்குங் கழுவுதொட்டியும் இருந்தன. அது செல்வர்க்குரியது. பொதுமக்களோ தம் சிறு மோட்டார் வண்டிகளிற் கூடாரமும் தகரப்பேணியில் அடைத்த உணவும் ஏற்றிப் புறப்பட்டனர். அவர்கள் 1919இற் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரிற் கூடி அமைத்த சங்கத்திற்குத் ‘தகரப்பேணிப் பயணிகள்’ எனப் பொருள்படும் பெயரையே இட்டனர். வண்டியின் முன்மூடியிற் பற்றவைத்த ஒரு தகரப்பேணியே அவர்தம் அடையாளச் சின்னம். 1930களில் வலி பயம் என்பார் ஆகாயவிமானம்போல் அலுமினியத்தாற் போர்த்த ‘எயர்ஸ்றீம்’ கரவன்களைச் செய்தார். அவரே 1959-60இல் ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ரவுண் நகரிலிருந்து கெய்ரோவரை ஒரு கரவன் தொடரை நடத்திச் சென்றவர். 1969இற் சந்திரனிலிருந்து மீண்ட மூவரும், நோய்க்கிருமி ஏதேனும் உடன்வந்திருக்கலாம் என்னும் ஐயத்தாற் புறத்தொடர்பின்றி வைக்கப்பட்டது, மாற்றியமைக்கப்பட்ட எயர்ஸ்றீம் கரவன் ஒன்றிலேயாம். நாவலாசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் ஒரு சிறு லொறியின்மேல் அமைத்த அறையில் ஏறி, ஒரு நாயினை மட்டுந் துணைக்கொண்டு தம் நாட்டைச் சுற்றிவந்தார். அப்பயணத்தின் வரலாறாக 1962இல் வெளிவந்த நூல், அமெரிக்கர் பலரைப் பெருவீதிக்கு ஈர்த்தது.

இனி, ஊர்தி வீட்டின் இயல்பினை நோக்குமிடத்து முதலில் உணரற்பாலது ஒன்றுண்டு. நிலையான வீட்டில் வாழ்வோர் தம் மனையின் தொழிலிற் பாதியை ஊரிடத்தே ஒப்படைத்துள்ளனர். குழாயைத் திறந்தால் நீர் வரும். அழுக்கு நீர் கண்ணிற் படாது மறையும். ஆளியை அழுத்தினால் மின்னொளி பரவும். இவை எங்கிருந்து வந்தன, எங்கே சென்றன, எவ்வளவு செலவாயின என எவரும் நாடோறும் எண்ணுவதில்லை. ஊரைவிட்டுப் புறப்படும் வீடோ, இவை யாவற்றையுந் தன்னுடன் எடுத்துச் செல்லல் வேண்டும். நீர்த்தொட்டியும் கழிவுத்தொட்டியும் எரிவாயு உருளையும் மின்கலவடுக்கும் அவ்வீட்டினுள்ளேயே அடங்கியுள்ளன. அவை யாவும் அளவுடையன. எனவே, ஊர்தி வீட்டில் வாழ்வார்க்குரிய அறிவுரைகள் பலவாயினும், அவையெல்லாம் அளவறிந்து வாழ்தல் என்னும் ஒன்றனுள் அடங்கும்.

அவ்வளவுகளுள் முதலாவது நிறை. ஒவ்வோர் ஊர்தி வீட்டிலும் அது தாங்கக்கூடிய மொத்த நிறையைக் குறித்த தகடொன்று பொருத்தப்பட்டிருக்கும். வெற்று வண்டியின் நிறைக்கும் அத்தொகைக்கும் உள்ள வேறுபாடே ஆட்கள், உணவு, உடை, நூல்கள், கருவிகள், நீர் ஆகிய அனைத்திற்கும் உரிய இடம். நீரின் நிறையைப் பலர் மறப்பர். ஓர் அமெரிக்கக் கலன் பிரித்தானியக் கலனிலுஞ் சிறியது. எனினும் அதன் நீர் 8.3 இறாத்தல் நிறையுடையது. 40 கலன் கொள்ளுந் தொட்டி நிறைந்தால், ஏறத்தாழ 150 கிலோகிராம், அதாவது வளர்ந்த மனிதர் இருவரின் நிறை, வண்டியில் ஏறிவிடுகின்றது. மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றின் அச்சு முறியுமென்னும் வள்ளுவர் கருத்து, இங்கு உவமையாகவன்றி நேர்ப்பொருளாகவே பொருந்துகின்றது. பயணத்திற்குரிய பொருள்கள் யாவையும் ஏற்றிய பின்னர், லொறிகளை நிறுக்கும் பெருந்தராசில் வண்டியை ஒருமுறை நிறுத்தறிதல் நன்று. கையால் தூக்கிப் பார்த்து மதிப்பிடுதல் பயன்தராது.

மொத்த நிறை மட்டுமன்றி, அது பரந்துள்ள வகையும் முக்கியமானது. இழுக்கப்படும் கரவனின் நிறையில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பங்கு, முன்னேயுள்ள இணைப்புக் கொளுவியின்மேற் பொறுத்தல் வேண்டும் என்பர். அதனிற் குறைந்து பின்புறம் பாரமாயின், வேகத்தின்போது கரவன் பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கும். அவ்வேளை அஞ்சி இழுவண்டியின் தடுப்பை வன்மையாக மிதித்தல் ஆபத்தைப் பெருக்கும். வேகமிதியினின்றுங் காலை மெல்ல எடுத்து, கரவனின் தடுப்பைக் கையாற் சிறிது இயக்கி, வண்டியை நேராக்குதலே முறை. பாரமானவற்றை அச்சிற்கு அண்மையிலும் தாழ்வாகவும், இலேசானவற்றை மேற்றட்டுகளிலும் வைத்தல் இதனைத் தவிர்க்கும் வழியாம்.

நிறையைத் தாங்குவன ரயர்கள். ஊர்தி வீட்டின் ரயர் தேய்ந்து கெடுவதிலும் முதுமையாற் கெடுவதே மிகுதி. ஆண்டிற் பல மாதம் வெயிலில் அசையாது நிற்பதால் றப்பர் இறுகி வெடிப்புறும். மேற்றடங்கள் புதியனபோலவே தோன்றும். அமெரிக்காவில் விற்கப்படும் ரயரின் பக்கச் சுவரிலுள்ள குறியின் இறுதி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையுங் குறிப்பன. 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று கொள்ளல் வேண்டும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கழிந்தவற்றை, தடந் தேயாதிருப்பினும் மாற்றிவிடுதல் அனுபவமுடையோர் வழக்கம். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். மேலதிக ரயர் ஒன்றும், அதனை மாற்றுதற்குத் தக்க உயர்த்தியும் உடனிருத்தல் இன்றியமையாதது. உமணர் வண்டியடியிற் பிணித்த சேம அச்சின் தொழிலை இன்று இவை ஆற்றுகின்றன.

அடுத்தது நீர். ஊர்தி வீட்டில் மூவகைத் தொட்டிகள் உள. ஒன்று நன்னீர்த் தொட்டி. மற்றொன்று குளித்த நீரும் பாத்திரங் கழுவிய நீருஞ் சேருந் தொட்டி. மூன்றாவது மலசலத் தொட்டி. நன்னீர்த் தொட்டியை ஆண்டில் ஒரு முறையேனும், நெடுநாள் பயன்படுத்தாது விட்டவிடத்து மீண்டும் பயன்படுத்துமுன்னும், தொற்று நீக்கல் வேண்டும். பதினைந்து அமெரிக்கக் கலன் நீருக்கு, மணஞ் சேர்க்காத வெளிற்றுத் திரவங் காற்கோப்பை என்னும் அளவிற் கலந்து, குழாய்கள்தோறும் ஓடவிட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, பின்னர் நாற்றம் நீங்கும்வரை நன்னீராற் கழுவுதல் பொதுமுறை. குடிநீர்க்குரிய குழாய் வேறு, கழிவுக்குரிய குழாய் வேறு. அவை ஓரிடத்தில் ஒன்றையொன்று தொடுமாறு வைத்தலுந் தகாது.

மலசலத் தொட்டியைக் கையாளுமிடத்துப் புதியோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. முகாமிற் கழிவுக்குழாயை இணைத்தவுடன் அடைப்பிதழைத் திறந்தே விடுவர். நீர்ப்பகுதி உடனுக்குடன் வடிந்துவிட, திண்பகுதி அடியிற் குவிந்து இறுகும். பின்னர் அதனை அகற்றுதல் மிக்க வருத்தந் தருவது. மூன்றில் இரு பங்கேனும் நிறையும்வரை மூடி வைத்திருந்து, அதன்பின் ஒரே முறையில் வெளியேற்றல் வேண்டும். முதலில் மலசலத் தொட்டியையும் அடுத்துக் குளிநீர்த் தொட்டியையுந் திறப்பின், பின்னது ஓடும் வேகத்தாற் குழாயுங் கழுவப்படும். கையுறை அணிதலும், அதற்கென அமைந்த இடத்திலன்றிப் பிறிதோரிடத்தில் ஒரு துளியுஞ் சிந்தாமையும் இதனோடு சேர்ந்த கடமைகள். ஒருவர் செய்த அசுத்தத்தால் அனைவர்க்கும் மூடப்படும் தங்குமிடங்கள் பல உள ஆதலின், இது தனி மனிதர் தூய்மை மட்டுமன்று, பொதுவொழுக்கமுமாம்.

தீயைப் பற்றிக் கூறுமிடத்து எச்சரிக்கை மிக வேண்டும். சமைத்தற்கும் வெப்பமூட்டற்கும் புரொப்பேன் வாயு பயன்படுகின்றது. அது வளியினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியுடையது. கசியின் மேலெழாது தரையிற் படியும். இதனாலேயே அதனைக் கண்டறியுங் கருவி தரைக்கு அண்மையிற் பொருத்தப்படுகின்றது. காபனோரொட்சைட்டோ நிறமும் மணமுமற்றது. எரிதல் நிறைவுறாதவிடத்துத் தோன்றி, உறங்குவோரை விழிப்பின்றியே கொல்வது. அதற்குரிய கருவி படுக்கைக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். இரு கருவிகளுக்கும் வாழ்நாள் உண்டு. அவற்றிற் பொறித்த ஆண்டு கடந்தபின் ஒலி எழுப்பினும் நம்பலாகாது. சமையல் அடுப்பைக் குளிர்காய மூட்டுதல் ஒருபோதுந் தகாது. சமைக்கும்போது யன்னல் ஒன்று திறந்திருத்தல் வேண்டும்.

இத்தீயினாலேயே குளிர்ச்சியும் உண்டாக்கப்படுதல் வியத்தற்குரியது. பல ஊர்தி வீடுகளில் உள்ள குளிர்ப்பெட்டி, சுவீடன் நாட்டு மாணவராயிருந்த வொன் பிளாற்றன், முன்ரேஸ் என்னும் இருவர் 1922இற் கண்ட முறையில் இயங்குவது. சிறு சுவாலை ஒன்று அமோனியாக் கரைசலைச் சூடாக்கும். வெளிப்படும் அமோனியா வாயு குளிர்ந்து திரவமாகி, ஐதரசன் நிறைந்த குழாயில் ஆவியாகும்போது சூழவுள்ள வெப்பத்தைக் கவரும். பின்னர் நீரிற் கரைந்து தொடங்கிய இடத்திற்கே மீளும். இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. திரவம் தன் பாரத்தாலேயே இறங்கி ஓடுகின்றது. ஆதலின் வண்டி நெடுநேரஞ் சரிந்து நின்றால், திரவம் ஒருபுறந் தேங்கி, கொதிகலன் அளவு மீறிச் சூடேறி, குழாய் அடைபட்டுக் கெடும். தங்குமிடத்தை அடைந்தவுடன் நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்துச் சக்கரத்தின்கீழ்ப் பலகை இட்டு வண்டியைச் சமன்செய்தல் வேண்டுமென்பது இக்காரணம் பற்றியே. சமன்செய்தபின் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தலும், அதன்பின்னரே கரவனை இழுவண்டியினின்றுங் கழற்றுதலும் முறை. மின்னால் இயங்கும் அமுக்கியுடைய குளிர்ப்பெட்டிகளில் இவ்விடர் குறைவு. ஆனால் அவை மின்னைக் கேட்பன.

மின்னளவைக் கணித்தல் பாடசாலை மாணவர்க்கும் எளிது. 12 உவோற்று, 100 அம்பியர் மணி எனக் குறித்த கலவடுக்கில் 1200 உவாற்று மணிச் சத்தி உண்டு. அது ஈய அமில வகையாயின், பாதிக்குமேல் வெளியேற்றின் விரைவிற் பழுதுறும். எனவே கைக்கொள்ளத்தக்கது 600 உவாற்று மணியே. 50 உவாற்றுக் கருவி ஒன்று அதனைப் பன்னிரண்டு மணி நேரத்திலும், 1000 உவாற்று அடுப்பொன்று அரைமணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்திலும் முடித்துவிடும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை தன் சத்தியிற் பெரும்பங்கை வழங்கும். ஆயினும் நீர் உறையும் வெப்பநிலைக்குக் கீழ் அதனை மின்னேற்றலாகாது. கூரையிற் பதித்த சூரியப் பலகை பகலில் ஈட்டுவதையும் இரவிற் செலவாவதையும் ஏட்டில் எழுதி ஒப்பிடுவோர் இருளில் இருப்பதில்லை.

பராமரிப்பிலே பெரும்பகைவர் நீரும் குளிருமாம். கூரையின் இணைப்புகளிலும் காற்றுவாயில்களைச் சுற்றியும் பூசிய அடைபசை வெயிலால் வெடிக்கும். நூலளவு வெடிப்பு வழியாகப் புகும் மழைநீர், சுவரின் உட்பலகையைப் பல மாதம் அமைதியாக அரித்து, வெளியே கறை தோன்றும்போது உள்ளே பாதி உளுத்திருக்கும். ஆண்டில் இருமுறை கூரைமேல் ஏறி அங்குலம் அங்குலமாகப் பார்த்தல், பின்னர் வரும் பெருஞ்செலவைத் தடுக்கும். உறைபனிக் காலத்துக்கு முன் குழாய்களிலுள்ள நீரை முற்றாக வடித்து, நச்சற்ற புரொப்பிலீன் கிளைக்கோல் சேர்ந்த உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்தல் வேண்டும். மோட்டார் எஞ்சினுக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சாதலின், குடிநீர்க் குழாயில் அதனை ஒருபோதும் இடலாகாது.

பயண ஒழுங்கிற்கு அமெரிக்கப் பயணிகளிடையே ‘மூன்று மூன்று மூன்று’ என ஒரு விதி வழங்குகின்றது. ஒரு நாளில் 300 மைலுக்கு மேற் செல்லாமை, பிற்பகல் மூன்று மணிக்குமுன் தங்குமிடஞ் சேர்தல், ஓரிடத்தில் மூன்று நாளேனுந் தங்குதல் என்பன அதன் உறுப்புகள். இருளிற் புதிய இடத்தில் நீண்ட வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவோர் அடையும் இடர்களை அறிந்தோரே இவ்விதியை வகுத்திருத்தல் வேண்டும். வண்டியின் உயரத்தைச் சாரதியின் கண்முன் எழுதி ஒட்டிவைத்தல் மற்றொரு நல்வழக்கம். தாழ்ந்த பாலத்தின் முன்னர் நினைவைத் துழாவுதற்கு நேரமிராது. மலைச்சரிவில் இறங்கும்போது தடுப்பை இடைவிடாது மிதிப்பின் அது சூடேறி வலுவிழக்கும். ஆதலின் இறக்கந் தொடங்குமுன்னரே கீழ்ப் பல்லிணைக்கு மாற்றி, எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தல் வேண்டும். புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி நடந்து, படி மடிந்ததா, நீர்க்குழாயும் மின்கம்பியுங் கழற்றப்பட்டனவா, மேற்சாளரம் மூடப்பட்டதா எனப் பார்ப்போர், பாதிப் பயணத்தின் துன்பத்தை அவ்விரு நிமிடத்திலேயே நீக்கிவிடுவர்.

ஊர்தி வீட்டிலேயே ஆண்டு முழுவதும் வாழ்வார்க்கு இன்னுஞ் சில தேவைகள் உள. அரசாங்கமும் வங்கியும் வைத்தியசாலையும் முகவரி கேட்பன. ஓடும் வீட்டிற்கு முகவரியில்லை. ஆதலின் அத்தகையோர் பலர் தென் டகோற்றா, ரெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களிற் கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையங்களைத் தம் சட்டமுறை இருப்பிடமாகக் கொள்கின்றனர். மருந்துகள் தீருமுன் அடுத்த மருந்துக்கடை எங்குளதென அறிந்திருத்தலும், வண்டி பழுதுற்றுத் தொழிற்சாலையில் நிற்கும் நாட்களில் உறங்குதற்கு வேறிடம் வேண்டுமென்பதை எண்ணிப் பணஞ் சேமித்திருத்தலும் அவசியமானவை. வண்டி பழுதாகும்போது பயணம் மட்டுமன்றி வீடும் போய்விடுகின்றது.

இதுவரை கூறியவை யாவும் மனிதர் முயற்சியாற் கைகூடுவன. நிறையை அளக்கலாம், நீரைச் சிக்கனஞ் செய்யலாம், கூரையைச் செப்பனிடலாம். ஆயின், ஊர்தி வீடு தன்னுடன் எடுத்துச் செல்ல முடியாத பொருள் ஒன்றுண்டு. அது நிற்பதற்குரிய நிலம். எத்துணைத் திறமையுடைய சாரதியும் இரவில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். அவ்விடத்தில் நிற்கும் உரிமையை அளிப்பது பிறரே.

பொருள் உடையார்க்கு இது பெருந்தடையாகாது. கட்டணம் பெற்று நீரும் மின்னும் அளிக்கும் முகாம்கள் எங்கும் உள. அமெரிக்க நில முகாமைத்துவப் பணியகத்தின் கீழுள்ள பொது நிலங்கள் பலவற்றில் பதினான்கு நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். பின்னர் அகன்று செல்லல் வேண்டும். அரிசோனா, கலிபோர்ணியா மாநிலங்களின் பாலைநிலங்களில் செப்டெம்பர் 15 முதல் ஏப்ரில் 15 வரை கட்டணஞ் செலுத்தி நெடுநாள் தங்குதற்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளும் உள. அரிசோனாவின் குவார்ட்சைற் என்னுஞ் சிற்றூரைச் சூழ்ந்த பாலை, பனிக்காலந்தோறும் ஆயிரக்கணக்கான ஊர்தி வீடுகளால் நிறைகின்றது. குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் இம்முதியோரைப் ‘பனிப்பறவைகள்’ என்றழைத்தல் அந்நாட்டு வழக்கு.

அப்பாலையில் அடுத்தடுத்து நிற்கும் வண்டிகள் தோற்றத்தில் ஒத்திருப்பினும், அவற்றினுள் வாழ்வோர் ஒரே நிலையினர் அல்லர். சிலர்க்கு வேறிடத்தே வீடுண்டு; சிலர்க்கு வண்டியே வீடு. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் மனையையும் சேமிப்பையும் இழந்தோர் பலர், முதுமையில் வாடகை கொடுக்க இயலாது ஊர்தி வீடுகளிற் குடிபுகுந்தனர். பீற்கிழங்கு அறுவடையிலும், நத்தார்க் காலத்துப் பெரும் பண்டகசாலைகளிலும், முகாம்களின் காவற்பணியிலும் பருவந்தோறும் கூலிவேலை தேடி அவர்கள் மாநிலம் மாநிலமாகச் சென்றதை ஜெசிக்கா புறூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமட்லாண்ட்’ என்னும் நூல் எடுத்துரைக்கின்றது. அதனைத் தழுவி 2020இல் எடுக்கப்பட்ட திரைப்படம் மறு ஆண்டில் ஒஸ்கார் பரிசு பெற்றது.

இத்தகையோர் நகர வீதியோரத்தில் இரவில் நிற்கும்போதே சட்டம் அவர்களை வந்தடைகின்றது. வண்டியைக் குடியிருப்பாகக் கொள்வதைத் தடுத்த லொஸ் ஏஞ்சலிஸ் நகரச் சட்டத்தை, அதன் பொருள் தெளிவற்றதென்று கூறி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2014இற் செல்லாததாக்கியது. ஆனால், ஒறிகன் மாநிலத்துக் கிறான்ற்ஸ் பாஸ் நகர் பற்றிய வழக்கில் 2024 யூன் மாதம் மீயுயர் நீதிமன்றம், பொது இடங்களில் முகாமிட்டு உறங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்பு விலக்கிய கொடுந்தண்டனை ஆகா என, அறுவர்க்கு மூவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அதன்பின் நகரங்கள் பலவும் இத்தகைய தடைகளை இறுக்கின.

இங்கிலாந்தின் வரலாறும் இதனோடு ஒப்பிடற்பாலது. ஸ்ரேபிள்ஸ் பின்பற்றிய வண்டி வாழ்க்கை ரோமானி மக்களுடையது. அவர் அதனை விரும்பி மேற்கொண்டு நூல் எழுதிப் பாராட்டுப் பெற்றார்; அதனைத் தலைமுறையாக வாழ்ந்த மக்களோ ஊர்தோறும் விரட்டப்பட்டனர். 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர்கள் தங்குதற்கு இடங்கள் அமைத்தலை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை நீக்கியது. ஒரே வகை வண்டி, ஒருவர்க்கு உல்லாசமும் மற்றவர்க்குக் குற்றமுமாகத் தோன்றுதல் வண்டியின் அமைப்பால் அன்று. அதனை நோக்குவோர் மனநிலையாலும், நிலத்தின்மேல் உரிமையுடையோர் வகுக்கும் விதியாலுமே.

இதற்கு மாறான முன்மாதிரியும் இல்லாமலில்லை. 1978இல் அமெரிக்காவில் தோன்றிய ‘எஸ்கேப்பீஸ்’ என்னும் ஊர்தி வாழ்நர் கழகம், ரெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்ரன் ஊரில் தன் நிலையத்தை அமைத்துள்ளது. முதுமையாலோ நோயாலோ பயணஞ் செய்ய இயலாத உறுப்பினர், தம் வண்டியை அங்கே நிறுத்தி, அவ்வண்டியிலேயே வாழ்ந்துகொண்டு, உணவும் உதவியும் பெறுதற்கு ஏற்பாடு உண்டு. வாழ்நாள் முழுவதும் ஓடியவர்க்கும் இறுதியில் நிற்குமிடம் வேண்டுமென்பதைச் சக பயணிகளே உணர்ந்து செய்த அறம் அது.

ஆகவே, ஊர்தி வாழ்க்கையைக் கட்டற்றதெனக் கூறல் பொருந்தாது. நிலையான மனையினும் மிகுந்த ஒழுங்கையும் சிக்கனத்தையும் விழிப்பையும் அது வேண்டுகின்றது. ஒரு குவளை நீர் எங்கிருந்து வந்தது, எங்கே செல்லும் என்பதை நாடோறும் எண்ணி வாழ்வோரிடம், எண்ணாது வாழ்வோர் கற்கவேண்டியவை பல. அவ்வளவறிவு முழுவதும் வாய்க்கப்பெற்றவரும், அந்திப்பொழுதில் வண்டியை நிறுத்த ஓரிடமின்றேல் இல்லம் உடையவர் ஆகார். பயணி தன் வண்டியைப் பேணுதல் அவர் கடன். அவர் இரவு தங்க நிலத்தில் ஒரு மூலையை ஒதுக்குதல் ஊரார் கடன்.